குழந்தைகளிடம் ஆய்வு செய்யப் போகிறீர்களா? நெறிமுறைக் குழு முதல் பள்ளி வகுப்பறை வரை

முனைவர் பட்டத்துக்கோ முதுநிலை ஆய்வேட்டுக்கோ குழந்தைகளை மையமாக வைத்துத் தலைப்பு எடுத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குழந்தைகளின் உடல்நலம், மூளையின் செயல்பாடு, அவர்கள் காரண காரியத்தை யோசிக்கும் விதம், அவர்கள் குடிக்கும் தண்ணீரிலும் சுவாசிக்கும் காற்றிலும் உள்ள மாசு என்று எதைத் தொட்டாலும், முதல் கேள்வித்தாளை நீட்டுவதற்கு முன் கடக்க வேண்டிய வாசல்கள் உண்டு. எந்த வாசல் முதலில், எது அடுத்து என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லாமல் அல்லாடினேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம். தமிழ்நாட்டில் உள்ள நடைமுறையை வைத்துத்தான் சொல்கிறேன்.

1. உங்கள் ஆய்வு எந்த வகை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐ.சி.எம்.ஆர்., 2017-ல் இரண்டு நெறிமுறைக் கையேடுகளை வெளியிட்டது. ஒன்று மனிதர்கள் பங்கேற்கும் எல்லா ஆய்வுகளுக்கும் பொதுவானது. இன்னொன்று குழந்தைகளுக்கென்றே எழுதியது. இரண்டையும் இலவசமாகத் தரவிறக்கிக்கொள்ளலாம். உங்கள் நெறியாளர் படித்திருப்பார் என்று நம்பி விட்டுவிடாதீர்கள், நீங்களே படியுங்கள்.

ஆய்வில் பங்கேற்பவர்களுக்குத் தீங்கு வராதா என்று பார்த்து அனுமதி தருவது நெறிமுறைக் குழு. பொதுக் கையேட்டின்படி அந்தக் குழுவின் பரிசீலனை மூன்று வகைப்படும்: விலக்கு (பரிசீலனை தேவையில்லை என்று விடுவிப்பது), விரைவுப் பரிசீலனை, முழுக் குழுப் பரிசீலனை. பொதுவெளியில் ஏற்கெனவே இருக்கும் தரவை மட்டும் பயன்படுத்தினால் விலக்கு கிடைக்கலாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிடும் காற்றுத் தர அளவுகளையும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளையும் வைத்து ஒரு கொள்கை ஆய்வு செய்கிறீர்கள் என்றால் அது இந்த வகையில் வரும். ஆனால் அதே ஆய்வில் ஆலைக்குப் பக்கத்துப் பள்ளியில் படிக்கும் பத்து வயதுப் பிள்ளைகளிடம் "இந்தப் புகை எங்கிருந்து வருது, யாரு நிறுத்தணும்?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டாலும் கதை மாறிவிடும்.

இங்கேதான் பலர் சிக்குகிறார்கள். "ஊசி இல்லை, மருந்து இல்லை, வெறும் கேள்விதானே, விலக்குக் கிடைத்துவிடும்" என்று நினைக்கிறார்கள். அந்தக் கையேடு குழந்தைகளை எளிதில் பாதிக்கப்படக்கூடிய பிரிவில் வைக்கிறது. குழந்தைகளிடம் செய்யும் சாதாரண ஆய்வைக்கூடக் குறைந்தபட்ச ஆபத்துக்குச் சற்று மேலானது என்று வகைப்படுத்துகிறது. ஆகவே முழுக் குழு கூடித்தான் பார்க்கும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். விலக்கா இல்லையா என்பதை முடிவு செய்வதும் குழுதான், நீங்களோ உங்கள் நெறியாளரோ அல்ல. விலக்கு வேண்டுமென்றாலும் விண்ணப்பித்துக் கடிதம் வாங்க வேண்டும்.

2. எந்தக் குழுவிடம் போவது?

மருத்துவக் கல்லூரியில் இருப்பவர்களுக்கு இது பிரச்சினை இல்லை, குழு உள்ளேயே இருக்கும். கலை அறிவியல் கல்லூரியிலும் கல்வியியல் கல்லூரியிலும் உளவியல், சமூகப்பணி, சுற்றுச்சூழல் படிப்பவர்களுக்குத்தான் திண்டாட்டம். சில இடங்களில் துறைத்தலைவரும் இரண்டு பேராசிரியர்களும் கையெழுத்துப் போட்டுத் தரும் ஒரு தாளையே நெறிமுறை அனுமதி என்பார்கள். ஆய்விதழுக்கு அனுப்பும்போது அந்தத் தாள் நிற்காது.

சரியான குழுவில் 7 முதல் 15 உறுப்பினர்கள் வரை இருப்பார்கள். தலைவர் வெளி நிறுவனத்துக்காரராக இருக்க வேண்டும். மருத்துவர், சட்டம் தெரிந்தவர், சமூக அறிவியலாளர், துறை சாராத பொதுமக்களில் ஒருவர் ஆகியோர் இருக்க வேண்டும். உயிரி மருத்துவ, சுகாதார ஆய்வுகளைப் பார்க்கும் குழுக்கள் 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அதற்கான இணையதளத்தின் பெயர் நைதிக். குழுவின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள், அதன் காலாவதித் தேதியையும் பாருங்கள். புதிய மருந்து சோதனைகளைப் பார்க்கும் குழுக்களுக்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் தனிப் பதிவு உண்டு. அது வேறு, இது வேறு.

உங்கள் கல்லூரியில் குழு இல்லையென்றால், பக்கத்து மருத்துவக் கல்லூரியின் குழுவை எழுத்துப்பூர்வமான ஒப்பந்தத்தின் பேரில் பயன்படுத்த ஐ.சி.எம்.ஆர். இடம் தருகிறது. அந்த ஒப்பந்தத்தில் இரண்டு நிறுவனத் தலைவர்களும் கையெழுத்திட வேண்டும். பதிவாளர் அலுவலகத்தில் கோப்பு நகர வாரக்கணக்கில் ஆகும். தலைப்பு பதிவான அன்றே இதைத் தொடங்கிவிடுங்கள்.

3. பள்ளி நாட்காட்டியை எடுத்துப் பின்னோக்கி எண்ணுங்கள்

எல்லாரும் நெறிமுறைக் குழுவின் தேதியை வைத்துத் திட்டம் போடுகிறார்கள். பள்ளியை வைத்துத்தான் போட வேண்டும். ஜூனில் பள்ளி திறந்து பாடநூல், சேர்க்கை என்று ஒரு மாதம் ஓடிவிடும். செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு. பொங்கலுக்குப் பிறகு திருப்புதல் தேர்வு, செய்முறைத் தேர்வு, பொதுத்தேர்வு என்று எந்தத் தலைமை ஆசிரியரும் உங்களை உள்ளே விடமாட்டார். ஆக, உங்களுக்கு உண்மையில் கிடைப்பது ஜூலை முதல் செப்டம்பர் முதல் வாரம் வரை, அப்புறம் அக்டோபர், நவம்பர். அக்டோபர், நவம்பரில் மழை விடுமுறையும் தீபாவளியும் குறுக்கே வரும்.

ஜூலையில் வகுப்பறைக்குள் போக வேண்டுமென்றால் ஜனவரியிலேயே குழுவுக்கான ஆவணங்கள் தயாராக இருக்க வேண்டும். சில குழுக்கள் மாதம் ஒருமுறை கூடும், சில மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான். கூட்டத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே விண்ணப்பத்தைக் கொடுத்துவிட வேண்டும். முதல் கூட்டத்திலேயே திருத்தம் இல்லாமல் அனுமதி கிடைப்பது அரிது. திருத்திக் கொடுத்தபின் கடிதம் கைக்கு வர மேலும் சில வாரங்கள் ஆகும். ஆறு மாதம் என்பது மிகையான கணக்கு இல்லை.

பின்தேதியிட்ட அனுமதி என்று ஒன்று கிடையாது. தரவை எடுத்துவிட்டு வந்து குழுவிடம் கேட்டால், அவர்கள் நினைத்தாலும் தர முடியாது. "முன்னோட்டம்தானே" என்று பத்துப் பிள்ளைகளிடம் கேள்வித்தாளைக் கொடுத்துப் பார்ப்பதும் ஆய்வுதான். அதற்கும் அனுமதி முன்பே வேண்டும்.

4. ஆவணக் கட்டு

குழுக்களுக்கென ஐ.சி.எம்.ஆர். பொதுவான விண்ணப்பப் படிவங்களை வெளியிட்டிருக்கிறது. பல குழுக்கள் அதையே கேட்கும். சில இடங்களில் சொந்தப் படிவம் இருக்கும். முதலில் குழுவின் உறுப்பினர் செயலரிடம் சரிபார்ப்புப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். பொதுவாக இவை வேண்டும்:

- ஆய்வுத் திட்டம் முழுமையாக, அதன் சுருக்கம் தனியாக
- பெற்றோருக்கான தகவல் தாளும் சம்மதப் படிவமும், தமிழிலும் ஆங்கிலத்திலும்
- குழந்தைக்கான இசைவுப் படிவம், வயதுக்கு ஏற்றபடி
- கேள்வித்தாள்கள், சோதனைகள், படங்கள் எல்லாம், நீங்கள் காட்டப்போகும் வடிவத்திலேயே
- மொழிபெயர்ப்புச் சான்றும் மறு மொழிபெயர்ப்பும் (மொழிபெயர்த்ததைத் திரும்ப மூல மொழிக்கே மாற்றிப் பார்ப்பது)
- ஆய்வாளர், நெறியாளர் தன்விவரக் குறிப்பு, ஆய்வு நெறிமுறைப் பயிற்சிச் சான்றிதழ்
- செலவுத் திட்டம், பணம் எங்கிருந்து வருகிறது என்ற விவரம்
- துறைத்தலைவரின் பரிந்துரைக் கடிதம்

பயிற்சிச் சான்றிதழுக்குச் சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசிய நோய்ப்பரவல் இயல் நிறுவனம் நடத்தும் இணையவழி வகுப்புகள் நல்ல வழி. வகுப்பில் சேரக் கட்டணம் இல்லை, சான்றிதழ் தேர்வுக்குத்தான் பணம் கட்ட வேண்டும். தேர்வு குறிப்பிட்ட நாட்களில் மட்டுமே நடக்கும் என்பதால் இதையும் முன்கூட்டியே முடித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு படிவத்தின் அடியிலும் "பதிப்பு 1.0" என்றும் தேதியும் போடுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் அனுமதிக் கடிதத்தில் எந்தப் பதிப்புக்கு அனுமதி என்று எழுதுவார்கள். பதிப்பு எண் இல்லாமல் கட்டு திரும்பி வந்தால் அடுத்த கூட்டம்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

உளவியல் சோதனைகளில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. நுண்ணறிவுச் சோதனைகள் பெரும்பாலும் பதிப்புரிமை உள்ளவை. நண்பர் அனுப்பிய நகலை வைத்துச் செய்துவிட்டு ஆய்விதழில் போட முடியாது. பதிப்பாளரிடம் உரிமம் வாங்கும் செலவையும் காலத்தையும் கணக்கில் சேருங்கள்.

5. சம்மதமும் இசைவும்

மொத்த வேலையில் அதிக உழைப்பு கேட்பதும், அதிகம் அலட்சியப்படுத்தப்படுவதும் இதுதான். சட்டப்படி சம்மதம் தர வேண்டியவர் பெற்றோர் அல்லது சட்டப்பூர்வப் பாதுகாவலர். குழந்தையிடம் வாங்குவது இசைவு. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பெற்றோர் சம்மதம் போதும். 7 முதல் 11 வயது வரை, பெற்றோர் முன்னிலையில் வாய்மொழியாக இசைவு பெற்றுப் பதிவு செய்ய வேண்டும். 12 முதல் 18 வரை எழுத்துப்பூர்வமாக. ஆபத்து குறைந்த ஆய்வுக்குப் பொதுவாகப் பெற்றோரில் ஒருவர் கையெழுத்துப் போதும். ஆபத்து கூடினாலோ, குழந்தைக்கு நேரடிப் பலன் இல்லாவிட்டாலோ இருவர் கையெழுத்தும் கேட்கப்படலாம்.

தலைமை ஆசிரியரின் கையெழுத்து பெற்றோர் சம்மதத்துக்கு ஈடாகாது. "நான் சொன்னா எல்லாரும் ஒத்துக்குவாங்க, நீங்க ஆரம்பிங்க" என்று நல்ல மனதோடுதான் சொல்வார்கள். அப்படித் தொடங்காதீர்கள். "விருப்பம் இல்லாதவர்கள் மட்டும் எழுதித் தரவும்" என்று பிள்ளை வழியாகச் சீட்டுக் கொடுத்தனுப்புவதும் சம்மதம் ஆகாது. அந்தச் சீட்டு பையின் அடியிலேயே கிடக்கும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டமோ பெற்றோர் கூட்டமோ நடக்கும் நாளில் நேரில் போய் உட்கார்ந்து பேசுவதுதான் நல்ல வழி. பெற்றோரும் குழந்தையும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள், இசைவும் அங்கேயே முடியும். கூலி வேலைக்குப் போகும் பெற்றோருக்கு மாலை ஆறு மணிக்குமேல் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி முன் முழுவதையும் வாசித்துக் காட்டிக் கைரேகை வாங்குங்கள். படிவத்தின் ஒரு நகல் அவர்கள் கையில் இருக்க வேண்டும். குழந்தைகள் காப்பகத்தில் தங்கியிருப்பவர்கள் என்றால் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் தனியாகப் போக வேண்டும்.

தகவல் தாளை அலுவலகத் தமிழில் எழுதாதீர்கள். "அறிவாற்றல் செயல்பாடுகளை மதிப்பீடு செய்யும் பொருட்டு" என்றால் யாருக்கும் புரியாது. "உங்கள் பிள்ளை ஒரு விஷயத்தை எப்படி யோசித்துப் பதில் சொல்கிறான் என்று பார்க்கப்போகிறோம். சரி, தப்பு என்று மதிப்பெண் போடமாட்டோம்" என்று எழுதுங்கள். உங்கள் தெருவில் எட்டாவது வரை படித்த ஒருவரிடம் கொடுத்து, படித்தபின் என்ன புரிந்தது என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தைத் திருத்தினால் போதும்.

மூளையலைப் பதிவு செய்பவர்களுக்கு: பெற்றோரின் முதல் கேள்வி "தலையில கரண்ட் வெப்பீங்களா?" என்பதுதான். கருவி மூளையிலிருந்து வரும் மெல்லிய மின்னலையைப் பதிவு மட்டும் செய்யும், உள்ளே எதையும் செலுத்தாது என்பதைத் தகவல் தாளின் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். எண்ணெய் தடவி இறுக்கப் பின்னிய தலையில் மின்முனை சரியாக ஒட்டாது. முந்தின நாள் தலைக்குக் குளிப்பாட்டி எண்ணெய் வைக்காமல் அனுப்பச் சொல்லுங்கள், பூவும் வேண்டாம். பசை ஒட்டிய தலையைக் கழுவித் துடைத்து அனுப்பும் ஏற்பாடும் உங்களுடையது. எம்.ஆர்.ஐ. என்றால் கொலுசு, தோடு, தாயத்து, வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். சில குடும்பங்களுக்கு அரைஞாணைக் கழற்றுவது மனதுக்கு ஒப்பாத காரியம். ஸ்கேன் அறை வாசலில் வந்து கேட்காமல், சம்மதம் வாங்கும்போதே கேளுங்கள். கழற்றமாட்டோம் என்றால் மரியாதையாக விட்டுவிடுங்கள்.

ரகசியம் பற்றி ஒன்று. "நீ சொல்வதை யாரிடமும் சொல்லமாட்டோம்" என்று படிவத்தில் எழுதாதீர்கள். 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி, ஒரு குழந்தை பாலியல் வன்முறைக்கு ஆளானது உங்களுக்குத் தெரியவந்தால் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் இருப்பது குற்றம். இந்த வரம்பைப் படிவத்திலேயே எழுதுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண்ணும் அதில் இருக்கட்டும்.

6. குறை தென்பட்டால் என்ன செய்வீர்கள்?

குழு கட்டாயம் கேட்கும் கேள்வி இது. நீங்கள் குழந்தையின் யோசிக்கும் திறனைத்தான் பார்க்கப் போகிறீர்கள். ஆனால் ஒரு பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்கவில்லை, இன்னொன்றுக்குக் கற்றல் குறைபாடு, வேறொன்றின் மூளையலைப் பதிவில் வலிப்பின் சாயல் என்று தெரியலாம். பார்த்துவிட்டு எண்ணாகப் பதிந்துகொண்டு வந்துவிடக் கூடாது. ஆர்.பி.எஸ்.கே. எனப்படும் தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் 18 வயது வரையிலான குழந்தைகளுக்காக மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன. சிகிச்சை இலவசம். முன்பே அங்கே போய்ப் பேசி, பரிந்துரைக் கடிதத்தின் மாதிரியை விண்ணப்பத்தோடு இணையுங்கள். குடிநீரிலோ ரத்தத்திலோ ஈயம் பார்க்கும் ஆய்வுக்கும் இதே விதிதான். முடிவைப் பெற்றோருக்கு யார், எப்போது, எந்தச் சொற்களில் சொல்வது என்று முன்பே எழுதி வையுங்கள்.

7. பள்ளி அனுமதி

நெறிமுறைக் கடிதம் கையில் வந்தபின் முதன்மைக் கல்வி அலுவலரிடம் விண்ணப்பியுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட மாவட்டங்கள் என்றால் சென்னை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் உள்ள கல்வி வளாகத்தில் இயக்குநர் அலுவலகத்துக்குப் போக வேண்டியிருக்கும். தனியார் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, அங்கன்வாடி ஒவ்வொன்றுக்கும் அலுவலகம் வேறு. எந்தப் பள்ளி எந்தத் துறையின் கீழ் வருகிறது என்று பட்டியல் போட்டுக்கொண்டு போங்கள்.

விண்ணப்பத்தில் எந்தப் பள்ளிகள், எந்த வகுப்புகள், ஒரு பிள்ளைக்கு எத்தனை நிமிடம், பாடவேளை பாதிக்குமா என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். கேள்வித்தாளை இணையுங்கள். தபாலில் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள், நேரில் கொடுத்து ஒப்புகை முத்திரை வாங்குங்கள். எந்த இருக்கைக்குக் கோப்பு போயிருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாசுக் கட்டுப்பாடு சம்பந்தமான ஆவணம் தேவைப்படுபவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். இந்த மனுவை நெறிமுறைக் குழுவுக்குக் காத்திருக்கும் காலத்திலேயே போட்டுவிட்டால் இரண்டு வேலையும் ஒன்றாக நகரும்.

8. செலவு

குழுக் கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சொந்த மாணவர்களுக்குப் பல இடங்களில் இலவசம் அல்லது சிறு தொகை. வெளியார் என்றால் கூடும். மாணவர் சலுகை உண்டா என்று கேளுங்கள், கேட்டால்தான் சொல்வார்கள். குழந்தைகளுக்கு ஒரு சிகிச்சையோ பயிற்சியோ கொடுத்துப் பலனை அளக்கும் ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆய்வுச் சோதனைப் பதிவேட்டில் (சி.டி.ஆர்.ஐ.) பதிய வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் முதல் குழந்தையைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு முடிந்திருக்க வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் பின்பதிவை அவர்கள் ஏற்பதில்லை.

உண்மையில் பணம் போவது மொழிபெயர்ப்பு, நகல், சோதனை உரிமம், பயணம் ஆகியவற்றில். பெற்றோர் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு ஆய்வகத்துக்கு வந்தால் அந்தக் கூலியும் பேருந்துச் செலவும் உங்கள் திட்டத்தில் இருக்க வேண்டும். அது சலுகை இல்லை, அவர்களுக்குச் சேர வேண்டியது. அதே சமயம், ஆசை காட்டுவது போன்ற தொகையைக் குழு ஏற்காது. பென்சில் பெட்டி கொடுப்பதென்றால் வகுப்பில் எல்லாருக்கும் கொடுங்கள். சேராத பிள்ளை ஒன்று மட்டும் வெறுங்கையோடு உட்காரக் கூடாது.

9. குழுவின் முன்

ஐந்து பத்து நிமிடம்தான் தருவார்கள். புள்ளியியலை அவர்கள் அதிகம் தோண்டமாட்டார்கள். பொதுமக்கள் பிரதிநிதியாக வந்தவர் கேட்பதற்குத்தான் தயாராக இருக்க வேண்டும்: "பாதியில் பிள்ளை அழுதால்?", "வேண்டாம் என்று சொன்ன பிள்ளையை ஆசிரியர் திட்டினால்?" இவை நியாயமான கேள்விகள். சோதனை நடக்கும் இடத்தில் ஆசிரியர் இருக்கமாட்டார், யார் சேர்ந்தார் யார் சேரவில்லை என்று அவருக்குச் சொல்லமாட்டோம் என்பது போல நடைமுறையைச் சொல்லுங்கள். திருத்தம் கேட்டுக் கடிதம் வந்தால், ஒவ்வொரு கேள்வியையும் எழுதி அதன் கீழே பதிலும் மாற்றிய பக்க எண்ணும் போட்டு அனுப்புங்கள்.

10. வகுப்பறைக்குள்

தலையாட்டும் பிள்ளை இசைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் பள்ளிகளில் பெரியவர் கேட்டால் தலையாட்டத்தான் பழக்கியிருக்கிறோம். "வேண்டாம்னு தோணினா இந்தச் சிவப்பு அட்டையைத் தூக்கு, உடனே நிறுத்திடலாம்" என்று சொல்லி, ஒருமுறை தூக்கிப் பார்க்கவும் வையுங்கள். பெற்றோர் சம்மதித்திருந்தாலும் குழந்தை மறுத்தால் அதோடு முடிந்தது.

யோசிக்கும் திறனைப் பார்க்கும் சோதனைகளில் ஒரே கேள்வியை இரண்டாவது முறை கேட்காதீர்கள். ஒரே மாதிரி இரண்டு குவளைகளில் சம அளவு தண்ணீரைக் காட்டி எதில் அதிகம் என்று கேட்டுவிட்டு, ஒன்றை உயரமான குவளைக்கு மாற்றி "இப்ப எதுல அதிகம்?" என்று மறுபடி கேட்டால், முதலில் சொன்னது தப்பு போல என்று நினைத்துப் பிள்ளை பதிலை மாற்றிவிடும். கேள்விகளை ஊர்ப் பேச்சிலேயே கேளுங்கள்.

பிள்ளைகளின் காணொளியைச் சொந்தக் கைபேசியில் எடுத்து வாட்ஸ்அப்பில் நெறியாளருக்கு அனுப்பும் வழக்கம் பரவலாக இருக்கிறது. கூடவே கூடாது. 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லாரையும் குழந்தை என்றே வரையறுக்கிறது. பெயர்ப் பட்டியலை ஒரு பூட்டிய அலமாரியிலும், குறியீட்டு எண் மட்டும் போட்ட தரவை வேறிடத்திலும் வையுங்கள்.

11. அனுமதிக்குப் பிறகு

ஒரு கேள்வியை மாற்றினாலும், ஒரு பள்ளியைச் சேர்த்தாலும், குழுவிடம் திருத்த அனுமதி வாங்கியபின்தான் செய்ய வேண்டும். சிறு மாற்றங்கள் விரைவுப் பரிசீலனையில் முடியும். அனுமதி பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான் செல்லும், முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே முன்னேற்ற அறிக்கையோடு நீட்டிப்புக் கேளுங்கள். ஆய்வு முடிந்ததும் இறுதி அறிக்கை கொடுங்கள். கையெழுத்திட்ட சம்மதப் படிவங்களைக் குறைந்தது மூன்று ஆண்டுகள் பத்திரப்படுத்துங்கள். பட்டம் வாங்கிவிட்டு ஊர் மாறிப் போவதாக இருந்தால், அந்தக் கட்டைத் துறையில் எழுதி ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளிக்கும் ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம் அனுப்புங்கள், எந்தப் பிள்ளையின் பெயரும் மதிப்பெண்ணும் இல்லாமல்.